இருபத்தேழு சொட்டுகள்

எங்கள் வீட்டுக் குழாய்களுக்கு வெள்ளைத் தாடி முளைக்கும். வாரம் ஒரு முறை எலுமிச்சைத் தோலும் வினிகரும் போட்டுத் தேய்த்து எடுப்பேன். அடுத்த வாரம் மறுபடியும் முளைத்துவிடும். பக்கெட்டின் உள்விளிம்பு, கீசரின் வாய், எவர்சில்வர் குடத்தின் கழுத்து, பாத்ரூம் டைல்ஸ் என்று தண்ணீர் தொட்ட இடத்திலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு படலம். சோப்பு நுரைக்காது. துவரம்பருப்பை போர் தண்ணீரில் போட்டால் நான்கு விசில் கூடுதலாக வைத்தாலும் பருப்பு பருப்பாகவே நிற்கும். சென்னையின் தெற்கில், மேடவாக்கம் பக்கம் 2009இல் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இந்தத் தண்ணீரோடுதான் எங்கள் வாழ்க்கை.

'எங்கள்' என்று எழுதிவிட்டேன். சரியாகச் சொன்னால் என் வாழ்க்கை. கணவருக்கு அது வெறும் தண்ணீர். குளித்துவிட்டுத் துவட்டிக்கொண்டு ஆபீஸ் கிளம்பினால் அவருடைய கணக்கு முடிந்தது. வீட்டுக்கு வரும் உறவினர்கள் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, பாத்திரம் சரியா தேய்க்கிறதில்லையா?" என்று கேட்டது என்னிடம்தான். மண்ணுக்கு அடியில் உள்ள பாறையிலிருந்து கரைந்து வரும் கால்சியமும் மக்னீசியமும் ஒரு பெண்ணின் சோம்பேறித்தனமாக மாறும் ரசாயனத்தை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ரசாயனம் என்று சும்மா சொல்லவில்லை. நான் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி. மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் 2001இல் முடித்தேன். எம்.எஸ்.சி.க்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த வாரத்தில் பெண் பார்க்க வந்தார்கள். அந்த விண்ணப்பம் கொஞ்ச நாள் கல்யாணப் பத்திரிகைகளோடு ஒரே பையில் கிடந்தது. அப்புறம் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். அதனால் தெருவில் என் பெயர் டீச்சர்.

குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கேன் தண்ணீர் வாங்கினோம். வாரத்துக்கு ஐந்து கேன். போடுகிற பையன் கீழே வாட்ச்மேன் நாற்காலி அருகே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவான். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. பன்னிரண்டு வருடங்கள் அதை இடுப்பிலும் தோளிலும் மாற்றி மாற்றி ஏற்றினேன். ஏன் நீ ஏற்றினாய் என்று கேட்கலாம். கேன் வருவது காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது யார்? அவ்வளவுதான் பதில். யாரும் உட்கார்ந்து பேசி இந்த வேலையை எனக்கு ஒதுக்கவில்லை. வீட்டில் இருப்பவள் மேல் அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

2021 ஜனவரியில் கட்டிக்காக எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "வெயிட் தூக்கக் கூடாது." அவரும் தலையாட்டினார். மூன்று வாரம் கேனைத் தூக்கினார். நான்காவது வாரம் ஆபீஸிலிருந்து வந்தவர், "நீதான் நல்லா நடமாட ஆரம்பிச்சிட்டியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். மறுநாள் வாட்ச்மேன் நாற்காலி அருகே நின்று கேனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் சொன்ன 'வெயிட்' என்ற வார்த்தைக்குள் இந்தக் கேன் இருக்கிறது என்பது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் எங்கள் வீட்டில் எடை இல்லாத பொருள்.

ஒரு வருடத்துக்கும் மேல் பாதிப் பாதியாகக் குடத்தில் ஊற்றி ஏற்றிச் சமாளித்தேன். 2022 மே மாதம் டியூஷன் பணத்தில் ஃபில்டர் போடுவது என்று முடிவு செய்தேன்.

விற்பனைக்கு வந்த தம்பி செருப்பைக் கழற்றும்போதே, "சார் எப்ப வருவாங்க மேடம்? சார் இருந்தா டெமோ காட்டலாம்" என்றான். சாரும் அன்று சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். தம்பி இரண்டு கண்ணாடித் தம்ளர் கேட்டான். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், மற்றொன்றில் அவன் கொண்டுவந்த ஃபில்டர் தண்ணீர். பிளக்கில் செருகும் ஒரு கருவியின் உலோகக் கம்பிகளை இரண்டிலும் இறக்கினான். இரண்டு நிமிடத்தில் போர் தண்ணீர் பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகத் திரிதிரியாக மிதந்தது. ஃபில்டர் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, "ஆத்தி! இதையா இத்தனை வருஷம் பிள்ளைகளைக் குளிப்பாட்டுன?" என்று வாயில் கை வைத்தார். "இதெல்லாம் உங்க உடம்புக்குள்ள போற விஷம் சார்" என்றான் தம்பி, கணவரைப் பார்த்து.

எனக்கு மூன்றாம் வருட லேப் ஞாபகம் வந்தது. சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து, அந்தத் தெளிந்த தம்ளரில் போட்டுக் கலக்கினேன். "இப்பத் திரும்ப வைங்க தம்பி."

அவன் தயங்கினான். நானே கம்பியை இறக்கி சுவிட்சைப் போட்டேன். உங்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள். வீட்டு மின்சாரமும் தண்ணீரும் விளையாட்டல்ல, அன்று எனக்குக் கோபம் கண்ணை மறைத்திருந்தது. இரண்டே நிமிடத்தில் அந்தத் தண்ணீரும் பழுப்பானது.

"அது அழுக்கில்ல தம்பி. உங்க கம்பியில இருக்கிற இரும்பு கரையுது. உப்பு இருக்கிற தண்ணியில கரண்ட் பாயும், உப்பு இல்லாததுல அவ்வளவாப் பாயாது. இதுக்குப் பேரு மின்னாற்பகுப்பு."

அறை அமைதியாகிவிட்டது. என் மகள் அப்போது பிளஸ் ஒன் போகவிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அம்மா கெமிஸ்ட்ரி படித்தவள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்குக் கெமிஸ்ட்ரி தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தாள்.

அன்றிரவே முடிவு செய்தேன். யாரும் விற்பதை வாங்கக் கூடாது, முதலில் என் தண்ணீரை நானே தெரிந்துகொள்ள வேண்டும். டிடிஎஸ் மீட்டர் ஒன்றும், கடினத்தன்மை சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். மீட்டர் 1,640 காட்டியது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம். ஆனால் மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டும்தான். அதை வைத்து மொத்த உப்பைக் கணக்கிட்டுக் காட்டும். அது சமையல் உப்பா, சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்றும் தெரியாது.

சுண்ணாம்பைச் சொல்வது சொட்டுதான். சின்னக் குப்பியில் குறியிட்ட அளவுக்குத் தண்ணீர், அதில் கொஞ்சம் தாங்கல் கரைசல், ஒரு துளி நிறங்காட்டி. தண்ணீர் ஒயின் சிவப்பாக மாறியது. எரியோகுரோம் பிளாக் டி. இருபத்தொரு வருடங்களுக்குப் பிறகு அந்தச் சிவப்பைப் பார்த்தேன். பிறகு ஈடிடிஏவை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கினேன். ஒரு சொட்டுக்கு 25 மில்லிகிராம் என்று கணக்கு. எட்டு, ஒன்பது, பத்து. கையிலிருந்து ப்யூரெட் போய்ப் பிளாஸ்டிக் குப்பி வந்திருந்ததே தவிர, மணிக்கட்டுக்கு அந்தக் குலுக்கல் மறக்கவில்லை. இருபத்தைந்தில் சிவப்பு ஊதாவானது. இருபத்தேழாவது சொட்டில் தெளிந்த நீலம். 675. தரத்தின்படி 200 இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 600. அதையும் தாண்டியிருந்தது எங்கள் தண்ணீர்.

சமையலறை மேடை மேல் கையூன்றி அழுதேன். 675க்காக அல்ல. அந்த நீலத்துக்காக.

தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். கடின நீர் விஷம் அல்ல. கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவைதான். உலக சுகாதார நிறுவனம்கூடக் கடினத்தன்மைக்கு என்று உடல்நல வரம்பு எதையும் வைக்கவில்லை. பிரச்சினை ருசியிலும் சோப்பிலும் பைப்பிலும் படிவதிலும்தான். அதில் ஒரு பகுதி கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும், மிச்சம் கொதித்தாலும் போகாது. 'ஒரே மெஷின் எல்லாத்தையும் சரிபண்ணும்' என்பதை நம்பாதீர்கள். முழு வீட்டுக்கும் வைக்கிற சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தைத் தண்ணீரில் விடும். குழாயில் வெள்ளை படியாது, சோப்பு நுரைக்கும், ஆனால் டிடிஎஸ் குறையாது. அவ்வப்போது உப்பு போட்டு அதைக் கழுவியும் விட வேண்டும். குடிப்பதற்கு உப்பு குறைய வேண்டுமென்றால் ஆர்ஓ. அதற்கு முன்னால் மண்ணைப் பிடிக்கும் வடிகட்டியும் கரி வடிகட்டியும் வேண்டும். கடினத்தன்மை கூடிய இடத்தில் சவ்வில் சுண்ணாம்பு அடைக்காமல் இருக்க அதற்கென ஒரு தடுப்பு மருந்து வடிகட்டியும் வேண்டும். 500க்குக் கீழே நல்ல தண்ணீர் வரும் வீட்டில் ஆர்ஓ தேவையே இல்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது. சாஃப்ட்னருக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. குழாய்களின் தாடி அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

17,500 ரூபாய். மாட்ட வந்தவர் சுவரில் ஓட்டை போட எங்கே என்று கணவரிடம் கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். என் உயரத்துக்கு, என் கைக்கு எட்டுகிற இடத்தில் பென்சிலால் நானே குறித்தேன். அந்தச் சமையலறையில் பதின்மூன்று வருடமாக நான் நின்றிருக்கிறேன். எதை எங்கே மாட்டுவது என்று அந்தச் சுவரில் நான் குறித்தது அதுதான் முதல் முறை.

முதல் தம்ளரை அம்மாவிடம் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சப்புன்னு இருக்கு" என்றார். மீட்டர் 130 காட்டியது.

அம்மா முதுகுளத்தூர்ப் பக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் தண்ணீர் என்றால் என்னவென்று அந்த ஊர்ப் பெண்களைக் கேட்க வேண்டும். ஊருணி வற்றினால் அதன் தரையிலேயே ஆளுயரத்துக்குக் குழி தோண்டி, ஊறி வரும் நீரைச் சிரட்டையால் வழித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய அரை மணி ஆகும், ஒரு மணியும் ஆகும். பிறகு அதைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வர வேண்டும். அம்மாவுக்குக் கால் மூட்டு தேய்ந்தது அந்தக் குழிகளில் குந்தி உட்கார்ந்துதான் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தண்ணீருக்கு ருசி இருந்தது என்கிறார். இருந்திருக்கும்.

அங்கே எங்கள் தெருப் பெண்களுக்கு ஊருணியின் நடுவில் குழிகள். காலனிப் பெண்களுக்குத் தூரத்தில், ஓரத்தில் ஒரு குழி. அவர்கள் சிரட்டை எங்கள் குழிக்குள் இறங்காது. சின்ன வயதில் லீவுக்கெல்லாம் போய் அம்மாச்சியோடு காத்து நின்றிருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தண்ணீருக்காக நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிக் கதை.

மீதிக் கதை என் சமையலறையிலேயே காத்திருந்தது. பாத்திரம் தேய்க்க வரும் அக்கா எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஆறாவது மாடியில் இருக்கிறார். போகும்போது ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார். ஃபில்டர் மாட்டிப் பத்து நாள் இருக்கும். திரும்பிப் பார்த்தேன், சிங்க் குழாயில் பிடித்துக்கொண்டிருந்தார். 1,640.

"அக்கா, ஃபில்டர்ல பிடிங்க."

"பரவால்ல டீச்சர். அந்த பி பிளாக் வீட்டுல ஃபில்டரத் தொடாதேன்னு சொல்லிட்டாங்க. எல்லா வீட்டுலயும் அப்படித்தான்னு நெனச்சேன். நீங்களும் ஒண்ணும் சொல்லல."

நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாட்கள். தண்ணீரில் கால்சியம் எவ்வளவு என்று சொட்டு எண்ணத் தெரிந்தவளுக்கு, அதே மேடையில் நின்று பாத்திரம் தேய்ப்பவர் எதைக் குடிக்கிறார் என்று பார்க்கத் தெரியவில்லை. 1927இல் மகாட் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்ததை டியூஷன் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அதே 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தியைப் படித்துக் கொதித்தேன். கொதிப்பு நியாயம்தான். ஆனால் தொடாதே என்று சொல்லாமலேயே தொடவிடாமல் வைத்திருக்க முடியும் என்பதை என் ஃபில்டர்தான் எனக்குக் காட்டியது. அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டபோது அக்கா சிரித்தார். "மொதல்ல அந்தப் பாட்டில ரொப்புங்க டீச்சர், நேரமாச்சு" என்றார். இப்போது அவருடைய ஐந்து லிட்டர் கேன் எங்கள் ஃபில்டரின் கீழே நிற்கிறது. இது பெருந்தன்மை இல்லை. தாமதமாகச் செய்த வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஃபில்டர் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. நாளுக்கு 15 லிட்டர் எடுத்தால் 45 லிட்டர் கழிவு நீர், மூன்று பக்கெட். உள்ளே போனதைவிட உப்பு கூடியது, செடிக்கு ஊற்ற முடியாது. டாய்லெட்டுக்கும் வாசல் கழுவவும் ஆகும். அந்த மூன்று பக்கெட்டை யார் பாத்ரூமுக்குத் தூக்குவது? முதல் மாதம் முழுக்க நான்தான் தூக்கினேன். கேன் போய் பக்கெட் வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் பெண்களின் வேலையைக் குறைத்துவிடவில்லை என்பது அவர் வாதம். ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த பங்கைத்தான் அவை முதலில் இல்லாமல் ஆக்கின என்கிறார். நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 2019இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடங்கள். ஆண் 97 நிமிடங்கள். அந்த 97இல் ஒரு பக்கெட்டுக்கு இடமிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். காலைப் பக்கெட்: அப்பா. மதியம்: அம்மா. இரவு: மகனும் மகளும் ஒருநாள் விட்டு ஒருநாள். கீழே, வடிகட்டி மாற்ற வேண்டிய தேதிகளும் அதற்கான பணத்தை யார் எடுத்து வைப்பது என்பதும். கணவர் படித்துவிட்டு, "ஆபீஸ் ரோஸ்டர் மாதிரி இருக்கே" என்றார். "ஆமாங்க, இதுவும் வேலைதானே" என்றேன். சண்டை வந்ததா என்றால் வந்தது. இரண்டு முறை பக்கெட் நிரம்பி வழிந்து சமையலறை முழுக்க ஓடியது. நான் துடைக்கவில்லை. அவர் வரும்வரை அப்படியே கிடந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியங்களில் அந்தத் தரையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்ததும் ஒன்று.

மெஷின் நிரந்தரத் தீர்வு இல்லை என்பதும் தெரிகிறது. வடகிழக்கு மழை முடிந்த டிசம்பரில் அதே போர் தண்ணீரைச் சோதித்தேன். மீட்டர் 1,180. சொட்டு பத்தொன்பது. மழை இறங்கினால் பாறையின் உப்பும் நீர்த்துப்போகிறது. 2003லேயே மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். எங்கள் கட்டடத்திலும் அந்தக் குழி இருக்கிறது, மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டு. அதைத் தூர்வாரச் சொல்ல அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனேன். "சார் வரலையா?" என்றார்கள். ஃப்ளாட் அவர் பெயரில் இருப்பதால் உறுப்பினரும் அவர்தானாம். நான் உட்காரலாம், பேசலாம், கையெழுத்துப் போட முடியாது.

இரண்டு மாதச் சோதனைக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மாதம், டிடிஎஸ், சொட்டு என்று மூன்று பத்திகள். அதைச் சுற்றுக்கு விட்டேன். பி பிளாக் பெண்ணொருவர் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுக் கூட்டம் முடிந்ததும் படியில் நிறுத்தினார். "இந்தச் சொட்டு எப்படிப் போடறதுன்னு எனக்கும் சொல்லித் தர்றீங்களா டீச்சர்?"

சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டு ஃபில்டரைப் பற்றியும் அவரிடம் பேச வேண்டியிருக்கிறது.